இருபத்திரண்டாம் சுற்று வந்தால் படுக்கும் ஊர்

வருடத்தில் ஒரு மாலை, பார்லோ ஊர் கிளப்பில் இருக்கிற ஆண்களெல்லாம் தரையில் படுப்பார்கள். பெண்களிலும் பாதிப் பேர் படுப்பார்கள்.

சிட்னியில் ரக்பி லீக் பதக்க விழா நடக்கிற மாலை அது. கிளப்பின் பெரிய திரையில் சுற்றுவாரியாகப் புள்ளிகளை வாசித்துக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பழைய ஆட்டக்காரர் உட்கார்ந்து, அன்றைக்கு எல்லாரையும்விட நன்றாக ஆடியவனுக்கு மூன்று, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று என்று போட்டு வைத்திருப்பார். சீசன் முழுவதையும் கூட்டினால் யார் மேலே நிற்கிறானோ அவன் கழுத்தில் பதக்கம். இருபத்தோராம் சுற்று வரை பார்லோக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களைப் போலத்தான். பியர் குடிப்பார்கள், திரையைப் பார்த்துத் திட்டுவார்கள். இருபத்திரண்டு என்று எண் வந்ததும் கறிக்கடை வின்ஸ் தன் கிளாஸை மேசையில் வைப்பான்.

"வந்தாச்சு. எல்லாரும் படுங்கப்பா!"

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மல்லாந்து விழ வேண்டும். பிறகு ஒரு கையை ஊன்றிப் பாதி எழ வேண்டும். யாரோ காதில் ஏதோ சொன்னதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மறுபடி படுத்துக் கண்ணை மூட வேண்டும். இதை நன்றாகச் செய்கிறவருக்கு வின்ஸ் தன் கடையிலிருந்து ஒரு தட்டு ஆட்டுக்கறி கொடுப்பான்.

படுக்காத ஆள் ஒருவன் உண்டு. கழிவறைக்குப் போகும் வழியில், சுவரோரமாக, கையில் எலுமிச்சை சோடாவோடு நிற்பான். கிளென் பாஸ்கோ. எல்லாரும் நடித்துக் காட்டுவது அவனைத்தான்.

அவன் ஏன் அங்கே போகிறான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஒரு வருடம் போகாமல் இருந்து பார்த்தான். கிளப்பிலிருந்து வண்டி வண்டியாகக் கிளம்பி அவன் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வண்டி விளக்குகளை அவன் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவன் வெட்டி வைத்திருந்த புல்லில் நாற்பது பேர் வரிசையாகப் படுத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து கிளென் தானாகவே கிளப்புக்குப் போய்விடுகிறான்.

பார்லோ கரும்பு ஊர். ஜூன் மாதம் ஆலை ஓடத் தொடங்கினால், வெட்டுமுன் கரும்பை எரிப்பதால், நவம்பர் வரை கொடியில் காயும் துணியில் எல்லாம் கருப்புச் சாம்பல் விழும். கிளெனின் அப்பா ஆலையில் கொதிகலன் பார்த்தவர். அம்மா பள்ளிக்கூட உணவகத்தில் இறைச்சி அடைத்த 'பை' பண்டம் சுட்டவள். அக்கா நெரிடா. இந்த ஊரிலிருந்து காசு வாங்கி ரக்பி ஆடப்போனவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருவன் கிளென், ஒல்லி, வேகக்காரன், பந்தை உதைப்பதில் கெட்டிக்காரன். இன்னொருவன் டாரியோ மஸ்ஸோலா. கரும்புத் தோட்டக்காரர் மகன், மாட்டுக் கழுத்து, முன்வரிசைக்காரன். டாரியோ நெரிடாவைக் கட்டிக்கொண்டபோது, கலியாணத்தில் இரண்டு பேரும் மேசை நாற்காலிகளைத் தள்ளிவிட்டு மணப்பெண்ணின் செருப்பைப் பந்தாக வைத்து ஆடினார்கள். நெரிடா நடுவராக இருந்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினாள்.

டாரியோ வடக்கே, பார்லோவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த பெரிய கிளப்புக்கு ஆடினான். கிளென் சிட்னியில், எப்போதும் பட்டியலின் அடியில் கிடக்கும் ஒரு கிளப்புக்கு. பார்லோவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஜெயிப்பதைப் பார்க்க டாரியோ, பரிதாபப்பட கிளென்.

அந்த வருடம் டாரியோவுக்குப் பேய் பிடித்ததுபோல் ஓடியது. முன்வரிசைக்காரனுக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை. அவன் வேலை இடிப்பது, விழுவது, எழுந்து மறுபடி இடிப்பது. அழகாகப் பந்து போடுகிறவனுக்குத்தான் புள்ளி போகும். அப்படியிருந்தும் சீசன் பாதியில், புள்ளிகளை வெளியே சொல்வதை நிறுத்துகிற நேரத்தில், டாரியோதான் முன்னால் நின்றான். பார்லோ கிளப்பில் நுழைந்ததும் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதன் நடுத்தட்டிலிருந்த, கிழவர்கள் புல்வெளியில் பந்துருட்டி ஜெயித்த கோப்பைகளையெல்லாம் எடுத்துப் பெட்டியில் கட்டிவிட்டு, நீலத் துணி விரித்து, சின்ன விளக்கு ஒன்றும் போட்டார்கள். பதக்கத்துக்கு இடம் தயார்.

ஒரே ஒரு விஷயம்தான் குறுக்கே வரலாம். முரட்டு ஆட்டத்துக்காக அந்த வருடம் இரண்டு ஆட்டம் தடை வாங்கியவனுக்குப் பதக்கம் கிடையாது. புள்ளிகள் அழியாது, வாசிப்பார்கள். கழுத்தில் மட்டும் விழாது.

இருபத்திரண்டாம் சுற்றில் கிளெனின் கிளப் வடக்கே ஆட வந்தது. பார்லோவிலிருந்து பேருந்துகள் போயின. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கிளென் பந்தோடு நுழைந்தான். கால் வழுக்கி உடம்பு தாழ்ந்தது. நெஞ்சைக் குறிவைத்து வந்த டாரியோவின் தோள் தாடையில் விழுந்தது.

கிளெனுக்கு அதற்கப்புறம் ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: புல் வாசனை. எழ வேண்டும் என்ற நினைப்பு. ஊன்றிய கை தன்னுடையது மாதிரி இல்லை. பிறகு அவர்கள் கிளப்பின் உதவியாள் மிக், காதில் ஒலிக்கருவியோடு ஓடிவந்து குனிந்து சொன்னது.

"எழுந்திரிக்காத. படு. கோச் சொல்றார், படு!"

படுத்தான்.

அது எல்லாக் கிளப்பும் செய்கிற வேலை. ஆள் எழுந்துவிட்டால் ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும். எழாமல் கிடந்தால் நடுவர் நிறுத்தி வீடியோவில் பார்ப்பார், பெனால்டி கிடைக்கும். கிடைத்தது. டாரியோவைப் பத்து நிமிடம் வெளியே அனுப்பினார்கள். கிளெனை உள்ளே கூட்டிப்போய் டாக்டர் தலைச் சோதனை வைத்தார். கிளென் தேறினான். திரும்பி வந்தான். கடைசி நிமிடத்தில் முப்பது மீட்டரிலிருந்து பந்தை உதைத்து ஒரு புள்ளியில் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான்.

டிவியில் அன்று இரவெல்லாம் இரண்டு காட்சிகளைத்தான் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கையை ஊன்றி எழப்பார்த்தவன், மிக் சொன்னதைக் கேட்டு மறுபடி படுக்கிறான். அதே ஆள் அரை மணி நேரம் கழித்து சிரித்துக்கொண்டே பந்தை உதைக்கிறான். வேறு சாட்சி எதற்கு?

அந்த உதையைக் கிளெனும் டிவியில்தான் பார்த்தான். தான் உதைத்ததாக அவனுக்கு நினைவே இல்லை.

சோதனையில் எப்படித் தேறினான் என்பது ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. சீசன் தொடங்கும் முன் எல்லாரையும் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, அடிபடாத மண்டை எவ்வளவு ஓடுகிறது என்று மதிப்பெண் எடுப்பார்கள். அடிபட்ட நாளில் எடுப்பதை அதோடு ஒப்பிடுவார்கள். அதனால் முதல் சோதனையிலேயே மக்கு மாதிரிப் பதில் சொல்லிவிட வேண்டும். கிளெனின் கிளப்பில் அது ஒரு பந்தயமாகவே நடந்தது. யார் மிகக் குறைவாக எடுக்கிறானோ அவனுக்கு மற்றவர்கள் பியர் வாங்கித் தர வேண்டும். அந்த வருடம் ஜெயித்தது கிளென். பிப்ரவரியில் குடித்த பியர் அது. ஆகஸ்டில் அவன் தலை கலங்கி நின்றபோது, கம்ப்யூட்டர் கணக்குப்படி எப்போதும் இருப்பதைவிடச் சற்றுத் தெளிவாகவே இருந்தான்.

அன்று இரவு டாரியோதான் முதலில் போன் செய்தான்.

"மச்சான், எப்படி இருக்க? உன் கண்ணு மேல சொருகி வெள்ளையா போச்சுடா. பயந்தே போய்ட்டேன்."

"ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்கேன்."

"சத்தியமா?"

"உதைச்சத நீ பாக்கல?"

சொல்லிவிட்டு போனை வைத்து, வாளியில் வாந்தி எடுத்தான்.

திங்கட்கிழமை டாரியோ மேல் குற்றச்சாட்டு வந்தது. ஒப்புக்கொண்டால் இரண்டு ஆட்டம் தடை. எதிர்த்து வாதாடித் தோற்றால் மூன்று. வாதாடுவதானால் அடிபட்டவன் சொல்லும் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். எதிரணிக்காரனாக இருந்தாலும் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் அதைச் செய்துகொடுப்பார்கள். அது கேட்காமலே கிடைக்கிற மரியாதை. டாரியோ கேட்டான்.

"ஒரே ஒரு வரி மச்சான். நானேதான் வழுக்கி விழுந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகலன்னு. எனக்கு ரெண்டு ஆட்டம் உக்காரறது பிரச்சனை இல்ல. பதக்கம் போய்டும்டா. முன்வரிசைக்காரனுக்கு இது இன்னொரு தடவ வராது."

கிளெனின் கோச் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலன்னு நீ சொன்னா, அப்ப ஏன் படுத்தன்னு கேப்பாங்க. யார் படுக்கச் சொன்னதுன்னு கேப்பாங்க. உன் ஒப்பந்தம் இந்த வருஷத்தோட முடியுது இல்ல? யோசிச்சுப் பேசு."

மூன்றாவது வழியும் இருந்தது. நிஜமாகவே அடிபட்டது, எனக்கு எதுவும் நினைவில்லை என்று உண்மையைச் சொல்வது. அது டாரியோவைக் கவிழ்க்கும். சோதனையில் ஏமாற்றியதும் வெளியே வரும். தலை கலங்கிய இருபத்தொன்பது வயது ஆளுக்கு எந்தக் கிளப்பும் ஒப்பந்தம் கொடுக்காது.

"யோசிக்கிறேன்" என்று டாரியோவிடம் சொன்னான். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

டாரியோ குற்றத்தை ஒப்புக்கொண்டான். கிளென் அடுத்த ஆட்டத்தில் இரண்டு பந்தை நழுவவிட்டு, தன் அணிக்காரன் ஒருவனோடேயே முட்டிக்கொண்டான். அதற்கடுத்த ஆட்டத்தில் அவனை எடுக்கவில்லை. செப்டம்பரில் கோச் அதே அறையில், இந்த முறை கதவைச் சாத்தாமலே, ஒப்பந்தம் இல்லை என்றார்.

விழா மாலையில் கிளென் பார்லோவில்தான் இருந்தான். டாரியோவும் நெரிடாவும் சிட்னியில், கோட்டும் நீளப் பாவாடையுமாக, திரையில். சுற்றுகள் போய்க்கொண்டிருந்தன. இருபத்திரண்டு வந்தது. அந்த ஆட்டத்துக்குப் புள்ளி போட உட்கார்ந்த பழைய ஆட்டக்காரர் யாரோ, அடிபட்டு விழுந்தும் திரும்பி வந்து ஜெயித்துக் கொடுத்தவனைப் பார்த்து மனம் நெகிழ்ந்திருக்கிறார்.

"மூன்று புள்ளிகள், கிளென் பாஸ்கோ."

அவன் ஆடிய காலம் முழுவதிலும் வாங்கிய மூன்று அது ஒன்றுதான். பார் பக்கத்திலிருந்து வின்ஸின் குரல் வந்தது.

"படுத்ததுக்கே மூணுன்னா, செத்திருந்தா எவ்வளவு குடுப்பானுங்க?"

கடைசியில் கூட்டிப் பார்த்தபோது டாரியோதான் மேலே. ஒரு புள்ளி அதிகம். பெயருக்குப் பக்கத்தில் 'தகுதியில்லை' என்று போட்டு, அடுத்து இருந்த சிட்னிப் பையன் கழுத்தில் மாட்டினார்கள். கேமரா டாரியோவின் முகத்துக்குப் போனது. அவன் கைதட்டிக்கொண்டிருந்தான். நெரிடா தட்டவில்லை. அவள் நேராகக் கேமராவைப் பார்த்தாள். பார்லோ கிளப்பில் யாரைத் தேடுகிறாள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. வின்ஸ் மெல்ல எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, கம்பளத்தில் மல்லாந்து படுத்தான். கையை ஊன்றினான். காதைச் சாய்த்தான். மறுபடி படுத்தான். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த கூட்டம் வெடித்துச் சிரித்தது.

அப்படித் தொடங்கியதுதான்.

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டு இன்னும் காலி. நீலத் துணியை வருடா வருடம் துவைத்துப் போடுகிறார்கள், விளக்கும் எரிகிறது. வெளியூர் ஆள் யாராவது வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். டாரியோ முட்டியும் தோளும் போய் ஆட்டத்தை விட்டு, அப்பாவின் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பினான். அவன் கிளப்புக்குள் வந்தால் கிழவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். "தோள் லேசா உரசுச்சு, அவ்வளவுதான்" என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தவன், பிறகு "உரசவேகூட இல்ல" என்று சொல்லத் தொடங்கினான். நாளடைவில் அதை நம்பவும் செய்தான். கிறிஸ்துமஸ் விருந்தில் இறால் தட்டை நகர்த்தும்போது, "பாத்து, கிளென் மேல பட்டுடப் போவுது, விழுந்துடுவான்" என்பான். பிள்ளைகள் சிரிக்கும். கிளெனும் சிரிப்பான்.

ஒன்று மட்டும். விழா மாலையில் இருபத்திரண்டு வரும்போது டாரியோ எழுந்து வெளியே போய் சிகரெட் பிடிப்பான். அவன் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. கிளென் அதை மனதில் வைத்திருந்தான்.

கிளெனுக்கு ஆலையில் கரும்பு ரயில் ஓட்டும் வேலை. சின்ன எஞ்சின், பின்னால் கூண்டு கூண்டாகப் பெட்டிகள். தோட்டம் தோட்டமாகப் போய் வெட்டிய கரும்பை இழுத்து வர வேண்டும். தனியாகச் செய்கிற வேலை. அவனுக்கு அது பிடித்திருந்தது. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஊதினால் சுற்றுலாக்காரர்கள் கையசைப்பார்கள். அவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது.

இந்த ஆகஸ்டில் ஒரு மதியம் அவன் டாரியோவின் தோட்டத்துக் கிளைத்தடத்தில் வண்டியைத் திருப்பினான். அடுத்து அவனுக்குத் தெரிந்தது, யாரோ தோளைப் பிடித்து உலுக்குவது. வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், நிறுத்தி வைத்திருந்த பெட்டிகளில் மோதி, மூன்று பெட்டி கவிழ்ந்து கிடந்தது. கரும்பு தண்டவாளத்தில் சிதறியிருந்தது. உலுக்கியது டாரியோ.

"கிளென்! டேய் கிளென்! இங்க பாரு!"

கிளென் அவனைப் பார்த்தான். டாரியோவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அதே கண்ணுடா," என்றான் டாரியோ. "அன்னிக்கி மாதிரியே. வெள்ளையா."

குடித்திருக்கிறானா என்று ஊதச் சொன்னார்கள், இல்லை. அப்படியானால் தூங்கிவிட்டான் என்றது ஆலை. ஓட்டும்போது தூங்கினால் வேலை போகும், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. கிளென் கடற்கரை நகரத்துக்குப் போய் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தான். அந்த அம்மாள் அவன் சொன்னதை எல்லாம் கேட்டாள். நின்ற நிலையில் நினைவு போவது, போன வருடம் சமையலறையில் ஒன்று, அதற்கு முந்தின வருடம் கடையில் ஒன்று, ஆடிய காலத்திலிருந்தே இருக்கும் தலைவலி.

"பழைய அடியால வர்றதா இருக்கலாம்," என்றாள். "ஆனா உங்க கிளப்புக்கு எழுதிக் கேட்டேன். நீங்க ஆடின காலம் பூரா ஒரு தடவகூடத் தலையில அடிபட்டதா இல்ல. எல்லாச் சோதனையிலயும் தேறியிருக்கீங்க."

"தேறினேன்," என்றான் கிளென். வேறு என்ன சொல்வது?

தொழிற்சங்கத்தில் அவனுக்காகப் பேசியவள் மோரா டீஹன். எடைமேடையில் வேலை பார்ப்பவள், வாயாடி, நல்லவள். நோய் என்று நிரூபித்தால் அவனை எஞ்சினிலிருந்து இறக்கி எடைமேடைக்கு மாற்றிக் கேட்கலாம் என்றாள்.

"டாக்டர் 'இருக்கலாம்'ங்கறா. அத வச்சு இந்த ஊர்ல என்ன பண்றது? நீ நோய்னு சொன்னா மேனேஜர் என்ன நெனப்பார்? ஊரே என்ன நெனைக்கும்? மறுபடி படுத்துட்டான் பாஸ்கோன்னுதான். மூஞ்சியத் தூக்காத, உள்ளதச் சொல்றேன்."

"தெரியும்."

"ஒரே ஒருத்தன் வந்து சொன்னா வாய மூடிட்டுக் கேப்பாங்க. உன்னை இடிச்சவன். அன்னிக்கி நெஜமாவே அடிபட்டுச்சு, இப்பவும் அதே மாதிரிதான் பாத்தேன்னு டாரியோ வந்து சொல்லட்டும். மேனேஜர் தன் நாற்காலியக் குடுத்து உக்கார வைப்பார். எடைமேடை உனக்குத்தான்."

கிளென் மறுநாளே டாரியோவின் கொட்டகைக்குப் போனான். டாரியோ வெட்டு இயந்திரத்தின் அடியில் கிடந்தான். வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். கிளென் சொல்லி முடித்தபிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கி உனக்கு நெஜமா அடிபட்டுச்சுன்னு நான் சொல்லணும்."

"ஆமா."

"அப்ப எனக்குக் குடுத்த தடை சரிதான்னு ஆவுது."

"அப்படி இல்லடா. நான் வழுக்கினேன். தப்பு உன்மேல இல்ல."

"அதத்தான் நான் உன்னச் சொல்லச் சொன்னேன். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஒரு வரி."

வெளியே எங்கோ கரும்பு எரிந்துகொண்டிருந்தது. சாம்பல் கொட்டகைக்குள் வந்து இறங்கியது.

"நீ பாத்த டாரியோ," என்றான் கிளென். "ரெண்டு தடவையும் நீதான் பாத்த. என்னைத் தவிர உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். எனக்கேகூடத் தெரியாது, நான் அங்க இல்ல. நீதான் இருந்த."

டாரியோ துணியை இயந்திரத்தின் மேல் போட்டான்.

"யோசிக்கிறேன்" என்றான்.

அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தான் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"புதன்கிழமை காலையில ஆலையில கூட்டம்," என்றான் கிளென்.

"செவ்வாய் விழா. கிளப்புக்கு வருவ இல்ல? அங்க சொல்றேன்."

நெரிடா வண்டி வரைக்கும் கூடவே வந்தாள். தம்பியின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். அவள் அவனைத் தொட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"அவன்கிட்ட வேற என்ன இருக்கு கிளென்? முட்டி போச்சு. தோளத் தூக்க முடியல, ராத்திரி சட்டைய நான்தான் கழட்டி விடறேன். கரும்பு வெல உனக்கே தெரியும். கிளப்புக்குள்ள போனா எழுந்து நிக்கிறாங்க. அந்த ஒண்ணுதான்."

"எனக்கு வேலை போய்டும் நெரி."

"அவனுக்கும் அன்னிக்கி ஒண்ணு போச்சு. நீ போன எடுக்கல."

"எனக்கு அடிபட்டிருந்துச்சு."

அவள் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். நம்புகிறாளா என்று கிளெனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இருக்கலாம்," என்றாள். டாக்டர் சொன்ன அதே சொல்.

செவ்வாய்க்கிழமை மாலை கிளப் நிரம்பியிருந்தது. பொரித்த இறைச்சியும் சிப்ஸும் மேசை மேசையாகப் போனது. வின்ஸ் ஆட்டுக்கறித் தட்டைப் பிளாஸ்டிக் சுற்றி பாரின் மேல் வைத்திருந்தான். ஆலை மேனேஜர் முன்மேசையில் குடும்பத்தோடு இருந்தார். கிளெனைப் பார்த்துத் தலையசைத்தார், வேலையிலிருந்து நீக்கப்போகிறவர்கள் அசைக்கிற மாதிரி. கிளென் தன் சுவரோரத்தில் எலுமிச்சை சோடாவோடு நின்றான். டாரியோவும் நெரிடாவும் அலமாரிக்குப் பக்கத்து மேசையில்.

சுற்றுகள் போயின. பதினெட்டு. பத்தொன்பது. டாரியோ திரையைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது. இந்த நேரத்துக்குச் சட்டைப்பையில் சிகரெட் பெட்டியைத் தடவத் தொடங்கிவிடுவான், இன்று தடவவில்லை. இருபத்தொன்று. எழவில்லை. கிளென் சுவரைவிட்டு நிமிர்ந்து நின்றான். அவன் வெளியே போகப்போவதில்லை. எல்லார் முன்னாலும் இங்கேயே சொல்லப்போகிறான். போதும் விடுங்கப்பா, அன்னிக்கி அவனுக்கு நிஜமாவே அடிபட்டது என்று.

திரையில் இருபத்திரண்டு வந்தது.

"வந்தாச்சு," என்றான் வின்ஸ். "எல்லாரும் படுங்கப்பா!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. தடதடவென்று ஆட்கள் விழுந்தார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். அவர் மகன் படுத்தான். டாரியோ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றான்.

கூடத்தில் நின்றுகொண்டிருந்த ஆண்கள் இப்போது இரண்டே பேர். ஊன்றிய கைகளோடு பாதி எழுந்த கூட்டம் டாரியோவைப் பார்த்து அப்படியே நின்றது. சிரிப்பு ஒவ்வொரு மூலையாக அடங்கியது.

"டாரியோ?" என்றான் வின்ஸ் தரையிலிருந்து. "என்னப்பா?"

டாரியோ கிளெனைப் பார்த்தான். நேராக, ஆட்டத்தில் பந்தோடு வருகிறவனைப் பார்ப்பதுபோல. அவன் உதடு அசைந்தது. பிறகு கண் அலமாரியின் பக்கம் போனது. அந்த வெளிச்சம், அந்த நீலத் துணி. அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கெட்ட முட்டியை மெதுவாக மடித்தான். அந்தப் பெரிய உடம்பு பகுதி பகுதியாகக் கீழே இறங்கியது. மல்லாந்து படுத்தான். தூக்க முடியாத தோளோடு கையை ஊன்றி எழுந்தான். காதைச் சாய்த்தான். மறுபடி படுத்துக் கண்ணை மூடினான்.

கூரை பிய்ந்துவிடும்போல் ஒரு கூச்சல். கிழவர்கள் தரையில் கிடந்தபடியே கைதட்டினார்கள். "தட்டு அவனுக்குத்தான்! தட்டு டாரியோவுக்குத்தான்!" என்று வின்ஸ் கத்தினான். நெரிடா தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்குப் போக வேறு வழி இல்லை. கிளென் சோடாவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, படுத்துக் கிடந்தவர்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தான். டாரியோவின் கால் குறுக்கே நீண்டிருந்தது. தாண்டினான். டாரியோ கண்ணைத் திறக்கவில்லை.

"எங்கடா போற கிளென்?" வின்ஸின் குரல் பின்னால் வந்தது. "எழுந்திரிக்கச் சொல்லி இன்னும் யாரும் சொல்லலையே!"

மறுநாள் காலை ஆலை அலுவலகத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மோரா கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர், கிளென் எஞ்சினில் தூங்கியது பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, கிளெனின் தரப்பில் யாராவது பேச வருகிறார்களா என்று கேட்டார். அவர் சட்டையின் முழங்கையில் கிளப் கம்பளத்தின் சிவப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"டாரியோ வருவான்னு சொன்னியே," என்றாள் மோரா தாழ்ந்த குரலில். "என்ன சொன்னான்?"

"சொல்லிட்டான்," என்றான் கிளென். பிறகு மேனேஜரைப் பார்த்தான். "நீங்களும்தான் பக்கத்துல இருந்தீங்க."

மேனேஜர் முழங்கையைப் பார்த்தார். நூலைக் கிள்ளி எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். கிளென் எஞ்சின் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான்.